அழுவதென்றால் நடந்துகொண்டே அழு

என் வயிற்றை முதல் தடவை வெட்டியபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் நிறைந்திருக்கவில்லை. அப்பா பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தார். நான் மூத்தவள். கொடைக்கானல் மலைமேல் பூண்டி என்ற ஊரில் வெள்ளைப்பூண்டு விவசாயம் பார்க்கிற வீட்டில் என்னைக் கொடுத்தார்கள். தைப்பூசத்துக்கு இறங்கி வந்த மாமியார் கடையில் நான் வாழைப்பழம் உரித்துக் கொடுக்கும் வேகத்தைப் பார்த்தாராம். "கை வேகமா ஓடுது, நம்ம தோட்டத்துக்கு ஆகும்" என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். என் முகத்தை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

மாமனார் இல்லாத வீடு. விதைப்பது, பிடுங்குவது, விற்பது, யார் எப்போது சாப்பிடுவது என்பது வரை எல்லாம் மாமியார் சொல்படிதான். என் புருஷன் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை. ஆனால் அம்மா பேசும் இடத்தில் அவர் பேசி நான் கேட்டதில்லை. வெயில் ஊரில் வளர்ந்த எனக்கு அந்தக் குளிர் முதல் மாதமே உதட்டையும் குதிகாலையும் பிளந்துவிட்டது. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன்.

பூண்டு பிடுங்குகிற சமயத்தில் வலி வந்தது. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் வலது பக்கம் அடிவயிற்றில் ஓர் இடத்தில் வந்து உட்கார்ந்தது. வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். மாமியார் மற்ற பொம்பளைகளிடம் சத்தமாகவே சொன்னார், பழனிக்காரிக்குச் சோலியைக் கண்டால் வயிறு வலிக்கிறது என்று. அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் குனிந்து இன்னும் ஒரு பாத்தி பிடுங்கினேன்.

வலி அடங்காததால், வயிற்றில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று வீட்டில் விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுத்தார். ஒரு டம்ளர். முழுவதையும் குடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். மறுநாள் காலையில் வலி திடீரென்று நின்றுபோனது. "பாத்தியா?" என்றார். அரை நாள் நானும் எண்ணெயின் மகிமையை நம்பினேன். மத்தியானம் காய்ச்சல் ஏறியது. வயிறு பலகை மாதிரி இறுகியது. தொட்டால் உயிர் போனது.

அடுத்த நாள் வெள்ளனே கம்பளியில் தொட்டில் கட்டி, மூங்கிலில் கோத்து, ஆட்கள் மாறி மாறித் தூக்கிக்கொண்டு கொடைக்கானலுக்குக் கிளம்பினார்கள். பாதி வழிக்கு மேல் மரம் ஏற்றிய லாரி ஒன்று கிடைத்தது. கட்டைகளின் மேல் என்னைப் படுக்க வைத்தார்கள். பாதையில் ஒவ்வொரு பள்ளத்திலும் நான் கத்தினேன். மாமியார் என் வாயில் முந்தானையை வைத்து, "கடிச்சுக்கோ, லாரிக்காரன் எறக்கி விட்டுறப் போறான்" என்றார். அது அன்பா அதட்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் அவருக்கு ஒரே குரலில்தான் வரும்.

ஏரிக்கு மேலே சரிவில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி அது. இப்போது அந்தக் கட்டிடமே இல்லை. டாக்டரம்மா ஒருவர், அவருக்குக் கீழே நர்சுகள். நர்சுகளுக்கெல்லாம் தலைவியாக இருந்தவரைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்மணி. கஞ்சி போட்ட தொப்பி, இடுப்பில் தொங்கும் கத்தரிக்கோல், சிரித்தே பார்த்திராத முகம். குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் ஓடியிருந்தது. கழுவித் துடைத்து, மிச்சச் சீழ் வடிய ஒரு ரப்பர் குழாயை வைத்துத் தைத்தார்கள்.

மறுநாள் காலையில் பெரிய சிஸ்டர் கட்டிலருகே வந்து போர்வையை உருவினார்.

"எந்திரி பிள்ள. நடக்கணும்."

என்னிடம்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. மூச்சு விடுவதற்கே பயந்துகொண்டிருந்தேன். அவர் ஒரு கையை என் தோளுக்குக் கீழே கொடுத்து, இன்னொரு கையால் இரண்டு முழங்காலையும் சேர்த்துக் கட்டிலுக்கு வெளியே திருப்பினார். வயிற்றுக்குள் யாரோ அரிவாளைத் திருகின மாதிரி இருந்தது. மாமியார் ஓடி வந்து குறுக்கே விழுந்தார். நேற்று வெட்டின புண், பிரிந்து குடல் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

"வெளிய வராது, தச்சிருக்கு" என்றார் சிஸ்டர். "உள்ள ஒட்டிக்கிட்டா அத யாரு பிரிக்க? வெட்டுப்பட்ட குடல் அசையாம கெடந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். நடந்தாத்தான் குடல் அசையும்."

கட்டிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தேன். குழாயிலிருந்து மஞ்சள் நீர் காலில் வழிந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தபோதுதான் உட்கார விட்டார். மத்தியானம் மறுபடியும் வந்தார். நான் அவரைத் தூமைத்துணியில் ஆரம்பித்து எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையாலும் மனசுக்குள் திட்டினேன்.

அன்று சாயங்காலத்திலிருந்து மாமியார் ஒரு வழி கண்டுபிடித்தார். சிஸ்டர் அடுத்த வார்டுக்குப் போகும் நேரம் பார்த்து, "இப்பத்தான் நடந்துட்டுப் படுத்தா சிஸ்டர், வேணும்னா இந்தப் பிள்ளைகளக் கேளுங்க" என்பார். பக்கத்துக் கட்டில்காரிகளுக்கு முறுக்கு கொடுத்துச் சரிக்கட்டி வைத்திருந்தார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. படுத்தே கிடந்தேன். குழாயை எடுத்த அன்றே, டாக்டரம்மா கூடாதென்று சொல்லச் சொல்லக் கேட்காமல் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பூண்டியில் அடுப்புக்குப் பக்கத்து அறையில் என்னைப் போட்டார். பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுகக் கட்டினார். மல்லாந்து படுக்க வேண்டும், புரளக் கூடாது, இருமக் கூடாது. தும்மல் வந்தால் ஓடி வந்து மூக்கைப் பிடிப்பார். ரசம் சோற்றைக் கரைத்து ஊட்டினார். எனக்கு மலமும் மூத்திரமும் அள்ளிப் போட்டார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் அள்ளிக் கொட்டிவிட்டு வரும்போதெல்லாம் தெருவில் யாராவது ஒருத்தியை நிறுத்தி, "வந்த மருமக எனக்குச் செய்வான்னு பாத்தேன், நான் பீ அள்ளுறேன்" என்று சொல்லாமல் உள்ளே வந்ததில்லை. அந்த அறைக்குச் சன்னல் இல்லை. சொல்வது மட்டும் நன்றாகக் கேட்கும்.

அடுத்த பூண்டு விதைப்புக்கு எழுந்துவிட்டேன். வேலையும் செய்தேன். ஆனால் வயிறு பழைய வயிறாக இல்லை. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ முறுக்கும், கடமுட என்று சத்தம் வரும், பிறகு விட்டுவிடும். மாதவிலக்கு நாட்களில் சுருண்டு கிடப்பேன். பிள்ளை தங்கவில்லை. ஒரு வருஷம் போனது, அடுத்ததும் போனது. மாமியார் முதலில் வேண்டுதல் வைத்தார். பழனிக்கு என்னை நடக்க வைத்தார். அப்புறம் வேண்டுதல் நின்றுபோய்ப் பேச்சு ஆரம்பித்தது. காய்க்காத மரத்துக்குத் தண்ணி எதுக்கு என்பார், எனக்குச் சோறு போடும்போது, என்னைப் பார்க்காமல்.

பங்காளி வீட்டுக் காதுகுத்தில் பலாச்சுளை தின்றேன். அன்று முறுக்கின வயிறு விடவில்லை. வயிறு பானை மாதிரி உப்பியது. காத்துப் பிரியவில்லை. முதலில் சோறாக வாந்தி வந்தது, அப்புறம் பச்சையாக, அப்புறம் மூக்கைப் பொத்த வைக்கிற நாற்றத்தோடு. மறுபடியும் கம்பளி, மறுபடியும் மூங்கில்.

டாக்டரம்மா அதே தழும்பின் மேலேயே வெட்டினார். கண் விழித்தபோது மாமியாரும் புருஷனும் கட்டில் பக்கத்தில் நின்றார்கள். டாக்டரம்மா அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மயக்கம் தெளியவில்லை என்று நினைத்திருப்பார். குடலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததாம். ஒட்டினவற்றின் நடுவே நார் மாதிரி ஒன்று ஓடி, ஓர் இடத்தில் குடலைச் சுருக்குப் போட்டு இறுக்கிவிட்டதாம். பிரிக்க முடிந்த மட்டும் பிரித்தாராம். எனக்கு எங்கள் கடையில் கோடையில் மூட்டைக்குள் இளகி ஒட்டிக்கொள்ளும் பேரீச்சம்பழம் நினைவுக்கு வந்தது. அப்பா அதைக் கையால் பிய்ப்பார். எவ்வளவு பதமாகப் பிய்த்தாலும் தோல் கிழியும்.

கருக்குழாய் இரண்டும் அந்த ஒட்டலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, பிள்ளை பிறப்பது கஷ்டம் என்றும் சொன்னார்.

மாமியார் ஒரே கேள்விதான் கேட்டார். "அறவே இல்லையா?"

"அறவேன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

மாமியார் தலையை ஆட்டினார். பூண்டு மூட்டைக்கு விலை படியாதபோது ஆட்டுகிற மாதிரி. என் புருஷன் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் தண்ணி மடை மாற்ற வேண்டியிருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று இருவரும் கிளம்பினார்கள். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் காரட் கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைப் பார்த்தாள். நல்லவள். அதனால் சுற்றி வளைக்கவில்லை. என் புருஷனுக்கு மாமியாரின் அண்ணன் மகளைப் பேசி முடித்துவிட்டார்கள், அடுத்த முகூர்த்தத்தில் தாலி என்றாள். இரண்டாம் கல்யாணம் கூடாதென்று சட்டம் வந்துவிட்டதாகக் கீழே பேசிக்கொண்டிருந்தார்கள். அது எங்கள் மலைக்கு ஏறி வந்திருக்கவில்லை. என்னுடைய பித்தளைக் குடத்தையும் இரண்டு சேலையையும் அவள் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார் மாமியார். குடத்தை நன்றாகத் தேய்த்திருந்தார்கள்.

அவள் போன பிறகு நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். அழுதால் தையல் இழுத்தது. இழுத்ததால் இன்னும் அழுதேன். பெரிய சிஸ்டர் வந்தார். என்ன என்று கேட்டார். பக்கத்துக் கட்டில்காரி எல்லாவற்றையும் சொன்னாள். நின்று கடைசிவரை கேட்டார். பிறகு போர்வையை உருவினார்.

"எந்திரி. நடக்கிற நேரம்."

"என்னால முடியாது சிஸ்டர். இனிமே நடந்து எனக்கு என்ன ஆகப்போகுது?"

"அழுறதுன்னா நடந்துக்கிட்டே அழு. படுத்துக்கிட்டு அழுதா மறுபடி வெட்டணும். எனக்கு நேரமில்ல."

வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை என்னை நடத்தினார். நான் சத்தம் போட்டு அழுதேன். இரண்டு பக்கமும் நோயாளிகளும் அவர்களைப் பார்க்க வந்தவர்களும் பார்த்தார்கள். ஒரு கிழவி எழுந்து வந்து, "பாவம், விடுங்கம்மா" என்றாள். சிஸ்டர் அவளைப் பார்க்கக்கூட இல்லை. அந்த நேரத்தில் மாமியாரைவிட, புருஷனைவிட, அந்தச் சிஸ்டரைத்தான் நான் அதிகம் வெறுத்தேன். கொல்ல ஒரு கத்தி கொடுத்திருந்தால் அவரைத்தான் குத்தியிருப்பேன்.

அப்பா பழனியிலிருந்து பஸ் பிடித்து வந்தார். நர்சுகளுக்கென்று ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொண்டுவந்திருந்தார். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டே இருந்தார். பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்த்ததாகச் சொன்னார். வழக்குப் போடலாம் என்று ஒருவர் சொன்னாராம், அதெல்லாம் நமக்கு எதற்கு என்றார்.

"அப்ப நான் ஒங்களோட வந்துறட்டுமாப்பா?"

அவர் ஏரிப்பக்கம் பார்த்தார். "தங்கச்சிக ரெண்டு பேரு இருக்காளுகளேம்மா. வீட்டுல நீ இருந்தா வாரவுக என்ன ஏதுன்னு கேப்பாக. வயித்துல சீக்குள்ள குடும்பம்னு பேராயிரும்." மறுபடியும் மஃப்ளரை இழுத்துவிட்டு, "நீயே யோசிச்சுக்கோ" என்றார்.

யோசிக்க என்ன இருந்தது? அவர் பஸ்ஸுக்கு எழுந்தபோது என் தலையில் கை வைக்கப் போய், பக்கத்தில் யாரோ வருவதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். பஞ்சாமிர்தத்தை நர்சுகள் பிரித்துச் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு கரண்டி கொடுத்தார்கள். அப்பா கைப்பக்குவம் மாறவில்லை.

கிளவுஸ் கழுவ ஆள் வேண்டும், செய்கிறாயா என்று பெரிய சிஸ்டர் கேட்டார். இரக்கப்பட்டுக் கேட்டதாக முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுவரை அந்த வேலையைச் செய்தவள் ஓடிப்போயிருந்தாள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சலவைக் கொட்டடியை ஒட்டிய அறையில் தங்கிக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் ஆபரேஷன் கிளவுஸைத் தூக்கி எறியமாட்டார்கள். ரத்தம் போகக் கழுவி, ஒவ்வொன்றையும் ஊதி உப்ப வைத்துத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்போம். ஓட்டை விழுந்ததற்கு ஒட்டுப் போடுவோம். காயப்போட்டு, உள்ளும் புறமும் பவுடர் போட்டு, துணியில் சுற்றி, கிருமி சாக ஆவிப்பெட்டிக்கு அனுப்புவோம். பவுடர் போடாவிட்டால் ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். என் கையும் சேலையும் எப்போதும் வெள்ளையாக இருக்கும்.

ஒருநாள் டாக்டரம்மா ஆபரேஷனுக்கு நிற்கும்போது, கிளவுஸ் போட்ட கையை உப்புத்தண்ணீர்ப் பாத்திரத்தில் விட்டு மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். எதற்கு என்று பிறகு பெரிய சிஸ்டரிடம் கேட்டேன். பவுடர் வயிற்றுக்குள் விழுந்தால் அதைச் சுற்றியும் குடல் ஒட்டும், முன்னெல்லாம் யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை, இப்போது பெரிய ஊர் டாக்டர்கள் சொல்கிறார்கள் என்றார்.

முன்னெல்லாம் என்றால் எப்போது? என் வயிற்றை முதல் தடவை திறந்தபோது கழுவினார்களா? அந்தக் கேள்வி எனக்குள் மாதக்கணக்கில் கிடந்து அரித்தது. கடைசியில் டாக்டரம்மா தனியாக இருக்கும்போது போய் நின்றேன். என் குடல் ஏன் ஒட்டியது, யாரால் ஒட்டியது என்று கேட்டேன். விளக்கெண்ணெயாலா, சீழாலா, படுத்தே கிடந்ததாலா, பவுடராலா?

அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"எண்ணெய் கொடுத்தது தப்பு. அதனாலதான் வெடிச்சிருக்கும். சீழ் ஓடின வயிறு நடந்தாலும் ஒட்டத்தான் பாக்கும். நடந்திருந்தா கொறைஞ்சிருக்கலாம், கொறையாமலும் இருந்திருக்கலாம். பவுடர் அன்னைக்கு நான் கழுவினேனான்னு எனக்கே ஞாபகமில்லம்மா. சொல்ல முடியாது."

அவர் பொய் சொல்லியிருக்கலாம். உன் மாமியாரால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக வாழ்ந்திருப்பேன். உண்மையைச் சொல்லி என்னை நடுவில் நிறுத்திவிட்டார். அவர் மேசையில் தூபக்கால் போல இருந்த பீங்கான் மைக்கூட்டைத் தட்டிவிட்டு வந்துவிடலாமா என்று தோன்றியது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

சில வருஷங்களில் பெரிய சிஸ்டர் ஊருக்கு மாற்றலாகிப் போனார். போகிற அன்றுகூட என்னிடம் பிரியமாக எதுவும் பேசவில்லை. வார்டுப் பொம்பளைகளை எழுப்பி நடத்துகிற வேலை மெல்ல என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. அவர்கள் எனக்கு வைத்த பெயர் எமன் ஆயா. வயிறு வெட்டின மறுநாள் காலையில் நான் வாசலில் நின்றாலே சிலர் தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். கன்னிவாடிக்காரி ஒருத்தி என் முகத்தில் துப்பினாள். துடைத்துக்கொண்டு நடத்தினேன். நான் சொன்னபடியெல்லாம் நடந்த ஒருத்தி ஆறு மாதத்தில் குடல் முறுக்கிக்கொண்டு வந்து செத்தும் போனாள். சாகும்போது அவள் என்னைப் பார்த்த பார்வை நன்றாக நினைவிருக்கிறது. நடக்கவே மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்து வீடு போன இன்னொருத்தி வரிசையாகப் பிள்ளை பெற்று, ஒவ்வொன்றையும் ஏரி பார்க்கக் கூட்டிவந்தாள். ஆனாலும் நடந்தவர்களில் நல்லபடியாகப் போனவர்களே அதிகம் என்பதை என் கண்ணால் பார்த்திருந்தேன். அது போதும் என்று அடுத்த கட்டிலுக்குப் போவேன்.

அப்படியொரு காலையில்தான் என் மாமியார் கட்டிலில் கிடந்தார்.

முதல் நாள் சாயங்காலம் ஜீப்பில் கொண்டுவந்திருக்கிறார்கள். வெகுநாளாக இருந்த குடலிறக்கம், அடைத்துக்கொண்டு கறுத்துவிட்டது. கறுத்த துண்டை வெட்டி எடுத்து, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். நான் அன்று பஜாருக்குப் போயிருந்ததால் எனக்குத் தெரியாது. போர்வையை உருவின பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தார். மூக்குத்தி போட்ட இடத்தில் வெறும் ஓட்டை இருந்தது.

அவரும் என்னைப் பார்த்தார். "நீயா?"

"நான்தான். எந்திரிங்க அத்த."

"வேற ஆளு யாரும் இல்லையா?"

"இல்ல."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கிழவியின் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க மறுபடி பிடித்தார். தோளுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து, முழங்கால் இரண்டையும் சேர்த்துத் திருப்பினேன். அலறினார். வாசலில் இருந்து என் புருஷன் எட்டிப் பார்த்தார். தலை நரைத்திருந்தது. "என்ன செய்யிற நீ?" என்றார். வெளியே நிற்கச் சொன்னேன். நின்றார். நான் சொன்னதை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பழி தீக்கிற நீ" என்றார் மாமியார், மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஆமா. காலக் கீழ வைங்க."

மற்றவர்களை நடத்தும்போது வராந்தா நடுவில் இருக்கிற பெஞ்சில் சற்று உட்கார விடுவது என் வழக்கம். அவரை விடவில்லை. தேவைக்கு மேல் ஓரடி கூட நடத்தவில்லை, அது என் தொழில். ஆனால் தேவையானதில் ஒன்றையும் குறைக்கவில்லை. அவர் உடம்பு முழுக்க என் தோளில் சாய்ந்திருந்தது. அவர் அழுத கண்ணீர் என் கழுத்தில் விழுந்தது. இன்பமாக இருந்தது. அதை மறைப்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை. இப்போது எனக்கு வயதாகிவிட்டது என்பதற்காக வருத்தப்படுகிற மாதிரி நடிக்கவும் தெரியாது.

படுத்தபடியே வார்டு முழுக்கக் கதை சொன்னார். நான் அவர் வீட்டில் வாழாமல் ஓடிவந்தவள், இப்போது கிழவியைக் கொல்லப் பார்க்கிறேன் என்றார். சிலர் நம்பினார்கள். இரண்டாவது மருமகள் ஒருநாள் இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமியார் அவளிடம் என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, நடுவிலேயே அவள் கொண்டுவந்த கஞ்சி நீர்த்திருக்கிறது என்று அவளைத் திட்டத் தொடங்கிவிட்டார். அவள் கைகள் பூண்டுத் தோட்டத்தில் வெடித்து, வெடிப்பில் மண் ஏறியிருந்தன. எனக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் இல்லை.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, வராந்தாவில் நடந்துகொண்டிருக்கும்போதே மாமியாருக்குக் காத்துப் பிரிந்தது. பெரிய சத்தமாக. குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருப்போம். எதிரே வந்த இளம் நர்ஸ் கைதட்டினாள். மாமியார் வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அன்றைக்குப் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

உட்கார்ந்து முந்தானையை முகத்திலிருந்து இறக்கினார். பிறகு என் வயிற்றைப் பார்த்துக் கேட்டார்.

"ஒனக்கும் அப்ப இப்படித்தான் வலிச்சுச்சா?"

"ஆமா."

"நான் ஒன்னப் படுக்க வச்சேன். பிரிஞ்சுரும்னு பயந்துதான் வச்சேன். அதனாலயா ஒனக்கு அப்படி ஆச்சு?"

டாக்டரம்மா எனக்குச் சொன்ன பதிலை நான் அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாது என்பதுதான் நிஜம். அந்த நிஜத்தில் அவருக்குப் பாதி விடுதலை இருந்தது. எண்ணெய் கொடுத்த கைக்கு இல்லாவிட்டாலும், மலம் அள்ளின கைக்காவது இருந்தது. அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கண்ணைத் தாழ்த்தும்வரை பார்த்தேன்.

"எந்திரிங்க" என்றேன். எழுந்தார். அன்று கத்தவில்லை.

தையல் நன்றாக ஆறியது. சோறு செரித்தது. டாக்டரம்மா திருப்தியாக இருந்தார். ஜீப்பில் ஏறும்போது மாமியார் எல்லோரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டார், என்னைத் தவிர. அதன் பிறகும் வெகுகாலம் இருந்தார். ஒருபோதும் வயிறு அவருக்குத் தொந்தரவு கொடுக்கவில்லை என்று சந்தைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். ஆனால் வீட்டில் வாய் குறைந்துவிட்டதாம், அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாராம். கேட்டுக்கொள்வேன்.

அடுத்த பூண்டு அறுவடைக்குப் பிறகு என் புருஷன் தனியாக வந்தார். ஆஸ்பத்திரிச் சமையலுக்கென்று ஒரு மூட்டை பூண்டைக் கொண்டுவந்து இறக்கினார். சலவைக் கொட்டடிப் பக்கம் வந்து, கொடியில் தொங்குகிற கிளவுஸ்களுக்கு நடுவில் நின்றார். என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நாங்கள் இருவரும் வேறு இடத்தில் இருந்திருப்போம்.

அம்மாவால் இப்போது ஒன்றும் முடியவில்லை என்றார். சின்னவளுக்குப் பிள்ளைகளோடு தோட்டத்தையும் பார்க்க முடியவில்லை என்றார். ரோடு போட்டுவிட்டார்கள், இனி வந்துபோகச் சிரமம் இல்லை என்றார்.

"நீ வந்து இருந்துக்கோ. ஒரு ஆளுக்குச் சோறு போடவா முடியாது? அம்மாவப் பாத்துக்கிட்டாப் போதும். ஒன்ன வரச் சொல்லட்டுமான்னு கேட்டா அம்மாவே வேணாம்னு சொல்லல."

நான் கையிலிருந்த பவுடரைத் தட்டினேன். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசினதில்லை. நல்ல குரல்தான். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"எனக்குச் சோலி கெடக்கு" என்றேன். "நேத்து ஒருத்திக்கு வயித்துல ஆபரேஷன். இன்னும் எந்திரிக்கல."

வார்டுக்குள் போய்விட்டேன். அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்று பார்க்கவில்லை. அந்த மூட்டை தீரும்வரை ஆஸ்பத்திரிக் குழம்பெல்லாம் பூண்டாக மணத்தது. நோயாளிகள் குறை சொன்னார்கள். நான் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.